நோன்பும் பட்டினியும்

எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையே நம் அறம். அவ்வுயிர்களுள் நம் இல்லத்தாரும் அடங்குவர் என்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

கம்பரைப் புரந்து, வந்தோர்க்கெல்லாம் சோறளித்த சடையப்ப வள்ளலின் ஊர் திருவெண்ணெய்நல்லூர். பெண்ணையாறு வளப்படுத்திய அவ்வட்டாரத்தில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். இல்லத்தரசி விடியுமுன் எழுந்து, நீர் வடிகட்டி, உலை வைத்து, அனைவர்க்கும் படைத்துவிட்டு, எஞ்சியதில் இரண்டு கவளம் உண்டு, விழுப்புரத்திற்குப் பணிக்கு விரைகிறாள். திரும்பும்போது கதிரவன் மறைந்துவிடுகிறான். இரவுண்ணாமை அவள் விரதம். வெறும் வயிற்றோடு படுக்கிறாள். மறுநாள் எழும்போதே அசதி. “விரதத்தை விட்டுவிடு” என்பார் சிலர். “இதுவும் ஒரு தவமே” என்பார் சிலர். எது சரி?

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாளும், இளையபடாரர் 30 நாளும் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைப் பழங்கல்வெட்டுகள் கூறுகின்றன. அவர்கள் அறிந்து ஏற்றது அது. பன்னிரு தவங்களுள் ஒன்றாகிய அவமோதரியமும் அவ்வாறே. நிறைந்த கலம் முன்னிருக்க, மனமுவந்து குறைத்துண்பது. பிறர் உண்டு எஞ்சாததால் உண்ணாதிருப்பது நோன்பன்று; பட்டினி.

மருத்துவம் சொல்வதையும் கேட்போம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். குருதியில் இரும்புச்சத்து குன்றினால் உறுப்புகளுக்குப் போதிய உயிர்வளி சேராது. படியேறினாலே மூச்சு வாங்கும். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றை உடன் சேர்த்தால் ஏற்பு மிகும். உணவோடு காப்பி, தேநீர் அருந்தினால் குறையும். கம்பு, பயறு, எள், முருங்கைக் கீரை ஆகியன நம் நெறிக்கு மாறுபடாமலே இரும்பு தருவன. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவரங்களில் இல்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. அசதி நீடித்தால் குருதிப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. மருந்து வாங்கும்போது, உறையிட்ட மருந்துகளில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும் என்பதால், உறையற்ற மாத்திரையைக் கேட்டுப் பெறலாம்.

எனவே குற்றம் விரதத்தில் இல்லை. பொழுதோடு உண்பது உடலுக்கும் நன்றே. பின்னிரவில் உண்டால் குருதியில் சர்க்கரை கூடுதலாக ஏறும். குற்றம், அவள் விரதத்தைக் காக்க நாம் எதுவும் செய்யாததில் உள்ளது. விழிப்பின்மையால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். எறும்புக்கு இரங்கி நிலம் பார்த்து நடக்கும் நாம், சமைத்தவள் உண்டாளா என்று பாராதிருப்பது விழிப்பின்மையன்றி வேறென்ன?

வழி எளிது. மாலை ஐந்து மணிக்குப் பணியிடத்திலேயே உண்ண அவளுக்கு இரண்டாவதாக ஒரு பாத்திரம் கட்டித் தரலாம். ஆண்களும் பிள்ளைகளும் அதிகாலையில் அடுக்களையில் தோள் கொடுக்கலாம். முதற்பந்தியில் அவளும் அமரட்டும்.

நால்வகைத் தானங்களுள் அன்னதானமும் ஒன்று. முனிவர்க்கு ஆகாரம் அளித்து மகிழும் கைகள், அதனைச் சமைத்த கைகளையும் நினைக்குமாக. அவள் வயிறு நிறைந்த பின்னரே, அவள் நோன்பு நோன்பாகும்.