கண்ணாடியும் அளவுகோலும்

இடையில் விட்டுவந்த பௌதிகப் படிப்பு எங்களை விட்டபாடில்லை. ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி முடித்து வரும் பின்னிரவுகளில், ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் நிலவறையில், தொலைநோக்கிக்கென்று ஆறங்குலக் கண்ணாடி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

தேய்ப்பதைவிடச் சோதிப்பதே கடினம். 1858இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி சொன்ன முறை இன்றும் போதுமானது. தகரப்பேணியில் ஓர் ஊசித்துளை, உள்ளே விளக்கு, எட்டடி தள்ளிக் கண்ணாடி. அது திருப்பி அனுப்பும் ஒளிப்புள்ளியைச் சவர அலகால் மெல்ல மறைத்தபடி, அலகுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முதற்கட்டத்துக் கோளப் பரப்புச் சரியென்றால் கண்ணாடி முழுவதும் ஒரேயடியாக இருளும். பிழையென்றால் மேடும் பள்ளமும் நிழலாய் எழும். தலைமயிரின் பருமனில் ஆயிரத்திலொரு பங்குப் பிழையும் தெரியும். பெருவிரலை வைத்தெடுத்தால் அந்தச் சூட்டில் கண்ணாடி புடைப்பதும் தெரியும். தமிழ்நாட்டுக் காவலூரில் 1986இல் திறந்துவைக்கப்பட்ட தொலைநோக்கியின் 2.34 மீற்றர் கண்ணாடியும், பெங்களூரில் இப்படித் தேய்ப்பதும் சோதிப்பதுமாக ஆண்டுக்கணக்கில் உருவானதுதான்.

ஆனால் சோதிக்கும் கருவியே பிழையென்றால்?

1990 ஏப்ரலில் விண்ணுக்குச் சென்ற ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீற்றர் கண்ணாடி மிக நுட்பமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஆனால் பிழையான வடிவத்துக்கு. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் விலகியிருந்ததால், விளிம்பு ஏறத்தாழ 2 மைக்கிரோன் கூடுதலாகத் தேய்ந்துபோயிற்று. விசாரணையில் வெளிவந்த இன்னொரு விடயம்தான் எங்களை உலுக்கியது. வேறு கருவிகள் அந்தப் பிழையை முன்னமே காட்டியிருந்தன. அவை நுட்பம் குறைந்தவை என்று அந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசெம்பரில் திருத்தம் நடந்தது. பிழையை ஒப்புக்கொண்டு, அதன் அளவை அறிந்து, அதற்கு ஈடுசெய்யும் ஒளியியலைப் பொருத்தினார்கள்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு கூட்டம் நினைவுக்கு வந்தது. எங்களோடு கோப்பை கழுவும், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அண்ணை ஒருவர் எழுந்து, "தம்பியவை, எங்கட பக்கத்திலயும் பிழை நடந்தது. அதையும் ஒருக்காக் கதையுங்கோவன்" என்றார். நாங்கள் சிரித்தோம். அரசியல் வாசிக்காதவர் என்றோம். வெளியில் போய் அதைவிட மோசமான பெயரும் வைத்தோம். பிறகு அவர் கூட்டங்களுக்கு வரவில்லை.

அண்ணை சொன்னது முழுவதும் சரியா என்பதல்ல இங்கே கேள்வி. எளிய கருவியும் பொய் சொல்லலாம். அப்படியானால் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவீடுகள் முரண்படும்போது, பிடிக்காத ஒன்றைத் தூக்கியெறிய எங்களுக்கு என்ன உரிமை? புத்தகங்களால் செய்த எங்கள் அளவுகோலை நாங்கள் எதைக்கொண்டு சோதித்தோம்?

அண்ணை இப்போதும் அதே குசினியில்தான் நிற்கிறார். கண்ணாடியைச் சோதிக்க இன்னொரு கண் வேண்டும், ஒருநாள் வாருங்கள் என்று அவரைக் கேட்க நினைத்திருக்கிறோம். அதற்கு முன்னர் அவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.