அளந்து வைத்தவர்

கடலுக்கும் எங்கள் வடக்கனந்தலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கல்வராயன் மலையில் பெய்த மழை கோமுகி அணையில் தேங்கினால் எங்களுக்கு நெல். அதற்கு மேல் தண்ணீரைப் பற்றி இங்கே யாரும் யோசிப்பதில்லை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஊர் ஊராகப் போய்ப் படகுகளை வரைந்த ஒரு பிரெஞ்சுக்காரரை நினைத்துக்கொண்டிருப்பது வீட்டாருக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அவர் பெயர் எட்மோன் பாரி. 1806-ல் பிறந்த கடற்படை அதிகாரி. மூன்று முறை கப்பலில் உலகம் சுற்றியவர். அப்படிச் சுற்றும்போதுதான் நம் சோழமண்டலக் கரைக்கும் வந்தார். அன்றைய புதுச்சேரியில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்ப்பது சலங்கு என்ற படகு. அதில் இரும்பு ஆணி கிடையாது. பலகையோடு பலகையை வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்து விறைப்பாகக் கட்டிய படகு அந்த அலையில் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுத்துக் கரையேறிவிடும். பாரி இதை அழகு பார்த்து வரைந்ததோடு நிற்கவில்லை. நீளம், அகலம், குறுக்குவெட்டு, தையல் போகும் விதம் எல்லாவற்றையும் குறித்தார். கட்டுமரத்துக்கும் அதே மரியாதைதான். 1841 முதல் 1843 வரை வெளிவந்த அவருடைய பெரிய நூலில் இப்படி 130-க்கும் மேற்பட்ட படத் தாள்கள். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தவர்கள் எப்படிப் படகு கட்டினார்கள் என்பதுதான் நூலின் பொருள்.

புதுச்சேரியிலேயே ஓர் ஆலையைப் பார்க்கப் போனபோது இயந்திரத்தில் சிக்கி இடக்கையை இழந்தார். அதற்குப் பிறகும் இயந்திரத்தை வெறுக்கவில்லை. நீராவிக் கப்பலைப் பற்றியே நூல்கள் எழுதினார், துணை அட்மிரல் ஆனார். பாய்மரத்தை ஒழிக்க வந்த நீராவியின் ஆள், ஒழியப்போகிற படகுகளை உட்கார்ந்து அளந்தார் என்பதை நான் முரணாகப் பார்க்கவில்லை. எது போகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 1871-ல் லூவரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, 1893-ல் இறக்கும்வரை அதிலேயே இருந்தார். தாம் அளந்த படகுகளுக்கு மாதிரிகள் செய்ய வைத்தார்.

பெரிய ஓவியர்கள் வரிசையில் அவரைச் சேர்க்கமாட்டார்கள். சேர்க்க வேண்டியதும் இல்லை. கேள்வி வேறு: பிறர் கைவேலையைக் குறித்துவைப்பதிலேயே ஓர் ஆயுளைச் செலவழிக்கலாமா? நம் ஊரில் செய்கிறவனுக்கு மரியாதை உண்டு, பாடுகிறவனுக்கும் உண்டு. குறித்துவைப்பவனைக் கணக்கப்பிள்ளை என்று தள்ளிவிடுவோம்.

குறித்துவைக்காமல் போனதற்கு இங்கேயே ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடியது. சால், வடம், வால்கயிறு, உருளை, மாடு இறங்க ஒரு சரிவு. மோட்டார் வந்ததும் எல்லாம் விறகாகப் போயிற்று. அந்தச் சரிவு எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்கும் என்று வயதான ஆசாரி ஒருவரைக் கேட்டேன். "அளவு என்னா அளவு? மாட்டப் பாத்து வெக்கறதுதான் தம்பி" என்றார். எந்த மாட்டுக்கு எவ்வளவு என்று விடாமல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. பாரி விட்டிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

அவர்மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. நான் பார்த்த அவருடைய படங்களில் படகின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அளவு இருக்கிறது. தைத்தவர் பெயர் இல்லை. நூறு படகுகளை அளந்தவருக்கு ஒருவரிடமாவது "உன் பேர் என்ன" என்று கேட்க முடியாமலா போயிருக்கும்? ஆளைப் போகவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். நாமோ ஆளை அண்ணன், மாமன் என்று வாய் நிறைய முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டு வேலையைப் போகவிட்டோம்.

இதைச் சொன்னபோது ஆசாரி கேட்டார்: "எழுதி வெச்சிருந்தா மட்டும் இப்ப எவன் கவலை ஓட்டப் போறான்?" யாரும் ஓட்டமாட்டார்கள்தான். சலங்கையும் இன்று அநேகமாக யாரும் தைப்பதில்லை. கரையெல்லாம் ஃபைபர் படகு. ஆனால் ஆணியில்லாமல் ஒரு படகு எப்படி அந்த அலையைத் தாண்டியது என்று ஒரு பையன் கேட்டால், காட்ட என்னிடம் ஒரு படம் இருக்கிறது. கவலையைக் கேட்டால் கையை ஆட்டித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.