காகிதத்தில் ஓர் அணி

அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டப் பருவம் முடிந்தாலும் ரசிகன் ஓய்வதில்லை. காகிதத்தை எடுத்து, 53 பேர் கொண்ட அணியைத் தானே திருத்தி எழுதுகிறான். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. புதியவனைச் சேர்க்க ஒரு பழையவனை அடித்தாக வேண்டும். பெரும்பாலும் வயதானவன் பெயர்தான் அடிபடும்.

கிரீன்பே பேக்கர்ஸ் அணிக்காகப் 16 பருவங்கள் ஆடிய பிரெட் ஃபார்வ், ஓய்வை அறிவித்துவிட்டு 2008-இல் திரும்பி வந்தார். அணி அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு மாற்றிவிட்டது. அவரிடத்துக்கு வந்த ஆரன் ராட்ஜர்ஸ் 2011 பிப்ரவரியில் கோப்பையை வென்று தந்தார். 2023-இல் அவரும் அதே ஜெட்ஸுக்குத்தான் போனார்.

கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் கணக்குச் சரியாகிவிட்டால் நன்றிக்கடன் தீர்ந்துவிடுமா? தன் வேலையிடத்தில் தன் பெயர்மேல் கோடு விழுந்தால், “இத்தனை வருஷம் உழைத்தேனே!” என்று முறையிடப் போகிறவனும் இந்த ரசிகன்தானே? அணி வாழப் பெயரை அடிக்கட்டும். அடிக்கிற கை ஒரு கணமாவது தயங்கட்டும்.