விபத்தும் வினையும்

பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுபவர் விழுந்து அடிபட்டால், "எல்லாம் நேரம்" என்பதே பார்க்க வருபவர்கள் வாயில் முதலில் வருகிறது. அதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன: எதனால் விழுந்தார், ஏன் அவருக்கு நேர்ந்தது.

முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் சாலையிலேயே கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள்களின் விடியற்காலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிள்கள் வருகின்றன. சிலர் அதையும் தாண்டிச் செய்யூர் வட்டத்தின் முதலியார்குப்பம், கடப்பாக்கம் வழியாகப் புதுச்சேரி வரை போகிறார்கள். ஓரத்தில் படிந்த மணல், குறுக்கே வரும் மாடு, எதிர்த்திசையில் வரும் பைக், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் உரசிவிடும் தன் முன்சக்கரம்: இவற்றில் ஒன்று போதும். விழுபவர் தன்னையறியாமல் கையை ஊன்றுகிறார். அந்த அதிர்ச்சி மணிக்கட்டிலிருந்து தோளுக்கு ஏறிக் காறையெலும்பை முறிக்கக்கூடும். எலும்பு கூடிவிடும், தலையில் பட்ட அடி அப்படியல்ல. ஆனாலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளைத் தொடுவதில்லை.

இரண்டாவது கேள்வி சமயங்களுடையது. செய்யூர் கந்தசுவாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு வேதாளம் உண்டு. பிறந்த நட்சத்திரத்தோடு வாழ்வைப் பிணைத்துப் பார்ப்பது இந்த மண்ணின் வழக்கம். ஆசீவகர் என்னும் பழைய துறவியர் அதற்கும் மேலே போய், நடப்பதெல்லாம் நியதிப்படியே என்றனர். அவர்கள் கணக்கில் ஹெல்மெட்டுக்கும் பிரேக்குக்கும் வேலையில்லை. சாலை மணலை அள்ளச் சொல்லவும் நியாயமில்லை. சைவ சித்தாந்தம் அங்கே நிற்கவில்லை. பிராரத்தம், அதாவது பலன் தரத் தொடங்கிவிட்ட பழவினை, நுகர்ந்தே தீரவேண்டியது. ஆனால் நுகரும்போதே ஆகாமியம் என்னும் புதுவினை சேர்கிறது. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருப்பதுபோல, பொச்சாவாமை என்னும் விழிப்புக்கும் ஆள்வினையுடைமை என்னும் விடாமுயற்சிக்கும் அதிகாரங்கள் உண்டு. சம்யுத்த நிகாயத்தில் புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். பித்தம், கபம், வாதம், பருவமாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை எனத் துன்பத்தின் காரணங்களை அடுக்கி, பழவினையை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைக்கிறார்.

சாலை விபத்துக்கு மிக நெருக்கமாக வருவது சமணம். செய்யூருக்கு மேற்கே உள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. அவர்கள் போற்றும் தத்துவார்த்த சூத்திரம், விழிப்பற்ற செயலால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்கிறது. நுகத்தடி நீளத்துக்கு முன்னே தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது சமணத் துறவிக்கு விதி. இந்த அளவுகோல் விழுந்தவரோடு நிற்பதில்லை. மீன்கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்ணைப் பாராமல் வேகமாக வரும் சைக்கிள்காரரையும் அது பிடிக்கிறது. அந்தப் பெண் மயிரிழையில் தப்பினாலும், விழிப்பின்மை அப்படியே இருப்பதால் சைக்கிள்காரரின் குற்றம் குறைவதில்லை. 1976இல் அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் நேகல் எடுத்த சிக்கலும் இதுவே: பிரேக்கைச் சோதிக்காத லாரி ஓட்டுநர் முன் குழந்தை வந்தால் ஒரு தீர்ப்பு, வராவிட்டால் வேறு தீர்ப்பு. ஓட்டுநரின் அலட்சியம் இரண்டிலும் ஒன்றுதான். இந்த இடத்தில் சமணத்தின் பதிலே நேர்மையானது.

சட்டம் பழியையும் இழப்பீட்டையும் ஓரளவு பிரித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று நிறுவாமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் ரூபாய் பெறலாம். வாகனம் மோதிய சைக்கிள்காரருக்கும் இது பொருந்தும். தனியே மணலில் சறுக்கி விழுந்தவருக்குப் பொருந்தாது.