அந்தக் கதவின் சாவி



2018-ல் தேவகிருபையினால் நான் எருசலேம் போய்வந்ததைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். போட்டோவும் காட்டினேன். ஒரு காரியத்தை மட்டும் மறைத்துவிட்டேன். அதை எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார்.

பழைய நகரம் பெரிய ஊர் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான். இன்று நிற்கிற மதில் தாவீதின் காலத்தது அல்ல, 16-ம் நூற்றாண்டில் துருக்கி சுல்தான் சுலைமான் கட்டினது. யோப்பா வாசல் வழியாக வழிகாட்டி எங்களை நடத்திக்கொண்டு போனார். கற்களெல்லாம் தேய்ந்து வழுக்குகிறது, வயதானவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஒருபக்கம் ஆலயமணி, ஒருபக்கம் பாங்கு, மேற்குச் சுவரண்டை யூதர்களின் ஜெபம். சுவரின் இடுக்குகளில் ஜனங்கள் வைக்கிற ஜெபச் சீட்டுகளை வருஷத்துக்கு இரண்டு தரம் எடுத்து ஒலிவமலையில் புதைக்கிறார்கள்.

பிறகு பரிசுத்த கல்லறை ஆலயம். (தோட்டக் கல்லறை என்று வேறொன்றையும் காட்டுவார்கள். அந்த வாக்குவாதம் எனக்கு வேண்டாம், இரண்டுமே காலி, அல்லேலூயா!) வாசலில் வழிகாட்டி எங்களை நிறுத்தி, "இந்தக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். "பிஷப்பிடம்" என்றேன். இல்லையாம்! பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பம் சாவியை வைத்திருக்கிறது, இன்னொரு முஸ்லிம் குடும்பம் கதவைத் திறக்கிறது. உள்ளே கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர் என்று ஆறு பிரிவார். இருந்தது இருந்தபடியே இருக்கவேண்டும் என்று 1852-ல் சுல்தான் உத்தரவு. ஜன்னலண்டை நிற்கிற ஒரு மர ஏணியைக்கூட ஒருவரும் தன்னிஷ்டத்துக்கு எடுக்கமுடியாது. 18-ம் நூற்றாண்டுப் படத்திலேயே அந்த ஏணி இருக்கிறது! 2008 நவம்பரில் கிரேக்கத் துறவிகளும் அர்மீனியத் துறவிகளும் உள்ளே கைகலந்து, போலீஸ் வந்து விலக்கவேண்டியதாயிற்று.

எல்லாரும் சிரித்தோம். என் சிரிப்பு பாதியிலே நின்றது.

ஏனென்றால் என் வீட்டு பீரோவிலும் ஒரு சாவி கிடந்தது. 2011-ல் எங்கள் பழைய ஜெபவீட்டில் கணக்கு விஷயமாக மூப்பர் ஒருவரோடு எனக்கு வாக்குவாதம். நான் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, சில குடும்பங்களோடு வெளியேறினேன். அவர்கள் பூட்டை உடைத்து ஆராதித்தார்கள். மூப்பரின் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சோறு போட்ட அக்கா அவர்கள்.

தம்முடையவர்கள் ஒன்றாயிருக்கும்படி ஆண்டவர் பிதாவை நோக்கி வேண்டிக்கொண்டது யோவான் 17-ல் இருக்கிறது. அதே எருசலேமில், கெதரோனைக் கடக்குமுன் செய்த ஜெபம். அதை வைத்து நான் எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்! சண்டைபோட்ட அவர்களே 2016-ல் சேர்ந்து கல்லறையைப் பழுதுபார்த்தார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, நான் தலைகுனிந்து நின்றேன்.

ஊர் வந்த மறுநாள் சாவியோடு மூப்பர் வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, இது உங்க சாவி" என்றேன். வாங்கிப் பார்த்தார். "அந்தப் பூட்டே இல்லியே பாஸ்டர். உள்ள வாங்க, காப்பி சாப்பிடலாம்."

சுவரில் அக்காவின் படம். காப்பி ஆறுமட்டும் இரண்டுபேரும் பேசவில்லை. அப்புறம் அங்கேயே முழங்கால்படியிட்டோம்.