சிறாரைப் புகழ்தல்

நன்று செய்த சிறுவரை அவர்தம் முகத்தெதிரே புகழ்தல் தகுமோ தகாதோ என்னும் வினா, இல்லறத்தார்க்கும் மாணாக்கரை ஏற்றுப் பேணும் திருமடங்கட்கும் ஒப்ப உரியது. நேசரைக் காணாவிடத்தும், ஏவலரை வேலை முடிவிலும், மைந்தரை நெஞ்சினுள்ளும் புகழ்க என்பது ஔவையார் வாக்காக வழங்கும் பழம்பாட்டொன்றின் கருத்து. இக்காலக் கல்வியாளர் பலரோ, பாராட்டின்றிப் பிள்ளைகளிடத்து நல்லொழுக்கம் வேரூன்றாது என்பர். இவ்விரண்டனுள் கொள்ளத்தக்கது யாதென்பதைச் சித்தாந்தத்தின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது நம் கொள்கை. பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுமாறுபோல, இளஞ்சிறாரின் அறிவு தன்னையடுத்த சொல்லின் நிறத்தைக் கொள்ளும். ஆதலின், ஒரு புகழ்ச்சொல் சிறுவனது அறிவை எதனோடு சார்த்துகின்றது என்பதே முதற்கண் நோக்கற்பாலது. “நீ பேரறிவினன், நின்னை ஒப்பார் இலர்” என்னுஞ் சொல் அவனை அவனோடே சார்த்துகின்றது. “நீ ஏற்றிய விளக்கால் திருமுன் இருள் நீங்கிற்று” என்னுஞ் சொல் அவன் செய்த பணியோடும் அதன் பயனோடும் சார்த்துகின்றது. முன்னையது யான் எனது என்னுஞ் செருக்குக்கு இரையாம். பின்னையது தொண்டிற்கு வித்தாம்.

இது கருத்தளவில் நிற்பதன்று. 1998-இல் அமெரிக்க உளநூலாராகிய கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இருவர், ஐந்தாம் வகுப்புச் சிறார்க்குச் சில புதிர்களைத் தந்து, விடுவித்தபின் ஒருசாராரை அவர்தம் அறிவு பற்றியும், ஒருசாராரை அவர்தம் முயற்சி பற்றியும் புகழ்ந்தனர். அடுத்துக் கடிய புதிர்களைத் தந்து இடறச் செய்து, மீண்டும் எளியவற்றைத் தந்தபோது, அறிவு பற்றிப் புகழப்பெற்றார் முன்னையினுந் தாழ்ந்தனர். முயற்சி பற்றிப் புகழப்பெற்றார் உயர்ந்தனர். தாம் பெற்ற மதிப்பெண்ணைப் பிறர்க்கு எழுதுங்கால் மிகுத்துப் பொய்கூறினாரும் முன்னவருள்ளேயே மிக்கிருந்தனர். தன்னைப்பற்றிய புகழைக் காத்தற்பொருட்டு வாய்மையையும் இழக்கச் சிறுவர் துணிவர் என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், புகழாது விடுதலே நலமன்றோ எனின், அன்று. ஆணவம் செருக்காய் மட்டும் தோன்றுவதில்லை. வியாபகமாகிய உயிரை அணுவெனச் சுருக்குதல் அதன் தொழில். தான் செய்த நன்மை எவர் கண்ணிலும் படாமையால், “என்னால் ஆவது யாதுமில்லை” என ஒரு சிறுவன் சோர்ந்து ஒடுங்குவானாயின், அச்சோர்வும் அவ்விருளின் செயலே. ஆகவே, பழம்பாட்டின் கருத்தை, நம் உவகை பிள்ளைக்குப் புலனாகாதொழிக எனக் கொள்ளுதல் பொருந்தாது. பிள்ளையின் தற்போதம் தடிக்குமாறு புகழற்க எனக் கொள்ளுதலே பொருந்தும்.

கற்றோர் புகழ்பெற்ற சகலாகம பண்டிதர் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டாரை அணுகி, ஆணவத்தின் நிலை யாதென வினவ, இளம்பருவத்தராகிய அவ்வாசிரியர் வேறு விடை கூறாது அவரையே சுட்டினார் என்பது நம் மரபு. சீகாழியில், பால் அளித்தவர் யாரெனத் தந்தையார் கோலோங்கி வினவ, மூன்றாண்டுப் பருவத்தராகிய பிள்ளையார் சுட்டியது இறைவனை. நம் சொல் சிறுவனது கருத்தை இவ்விரண்டனுள் எப்பக்கம் திருப்புகின்றது என்று நாம் எண்ணுதல் வேண்டும்.

திருமுறை பயிலும் சிறுவரிடத்து இவ்வெண்ணம் மிகவும் இன்றியமையாதது. பண்ணோடு பாடும் சிறுவனை அவையில் நிறுத்திக் குரலினிமையைப் புகழ்ந்து பொன்னாடை போர்த்துகின்றோம். சின்னாளில் அவன் கண் திருமுன்னை விடுத்து அவையோரை நாடுகின்றது. குரல் உடையும் பருவம் வந்து கைதட்டல் குறையின், பாடுதலையே அவன் கைவிடுதலுங் கூடும். பரிசு உண்டென முன்னரே கூறி ஓவியம் தீட்டச் செய்த மழலையர்க்கு, பின்னர்த் தாமே தீட்டும் வேட்கை குன்றினமையை லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்போர் 1973-இல் கண்டதும் இதனோடு ஒத்ததே. வழிபாடாகத் தொடங்கியதை வாணிகமாக மாற்றிய பழி அச்சிறுவனைச் சாராது, நம்மையே சாரும்.

ஆதலின், புகழுங்கால் மெய்யே கூறுக, செய்த செயலையும் முயற்சியையும் சுட்டுக, உடன்பயில்வாரோடு ஒப்பிடாதொழிக, பாட்டின் பொருளையும் அதனைப் பாடக் கிடைத்த பேற்றையும் நினைப்பூட்டுக. தனு கரணங்கள் விடியுமளவும் உயிர்க்கு விளக்காய் நின்று உதவும் என்பர் நம் ஆசிரியர். பெரியோர் கூறும் பாராட்டும் அத்தகையதே. நன்மையின் இனிமையைச் சிறுவன் தானே உணருமளவும் அவ்விளக்கை ஏந்துதல் நம் கடன். அவ்வுணர்வு புலருந்தோறும் அதனை மெல்லத் தணித்தலும் நம் கடனேயாம்.