ஒரு தீவும் நம் தீர்ப்பும்

ஒரே நூலைப் படித்த மூவர் ஒருங்கே அமர்ந்தால் மூன்று கருத்துகள் பிறக்கும். ஒருவர்க்குத் தேனாய் இனித்தது மற்றொருவர்க்கு வேம்பாய்க் கசக்கும். ‘அவரவர் கருத்து அவரவர்க்கு’ என்று கூறி எழுந்துவிடுவது நம் வழக்கம். அது பண்பான சொல்லே. ஆயினும் எல்லா இடத்தும் அது அறமாகுமா என்பதை ஈண்டுச் சற்றே ஆராய்வோம்.

தீவுகளையும் கடற்பயணங்களையும் பற்றிய நூல்களில் இக்கருத்து வேறுபாடு மிகுதி. சான்றாகப் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவை எடுத்துக்கொள்வோம். அதன் மக்கள் அதனை ராப்பா நூயி என்பர். சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 164 சதுர கிலோமீட்டர் பரப்புடன் தனித்து நிற்கும் சிறு நிலம் அது. ‘மோவாய்’ எனப்படும் கற்சிலைகள் 900-க்கு மேல் அங்குள்ளன.

நார்வே நாட்டினரான தோர் ஹெயர்டால், 1947-ஆம் ஆண்டில் ஐந்து துணைவருடன் கோன்-டிக்கி என்னும் மரத்தெப்பத்தில் பெரு நாட்டினின்று புறப்பட்டு, 101 நாட்களில் பாலினேசியத் தீவொன்றை அடைந்தவர். பின்னர் 1955-56-இல் ஈஸ்டர் தீவில் அகழாய்வு செய்து, ‘அகு-அகு’ என்னும் நூலை 1957-இல் வெளியிட்டார். தென்னமெரிக்காவிலிருந்து வந்தோரே அங்கு முதலில் குடியேறிச் சிலை வடித்தனர் என்பது அவர் கொள்கை.

இந்நூலைக் குறித்து நம் நண்பர் குழுவில் ஒரு நாள் உரையாடல் எழுந்தது. “துணிவுக்கு இதனினும் சிறந்த நூல் உண்டோ!” என வியந்தார் இளைஞர் ஒருவர். “கொள்கை பிழையானது; எனவே நூலும் வீண்” என்றார் வரலாற்றாசிரியர் ஒருவர். “வந்து சென்றவர் பெருமை நிறைய இருக்கிறது, அங்கேயே வாழ்ந்தவர் பேச்சு எங்கே?” என வினவினார் மூதாட்டி ஒருவர்.

மூவருள் யார் சொல் மெய்? தீவினரின் முன்னோர் மேற்கினின்று வந்த பாலினேசியரே என்பது இன்று தெளிவு. ஆகவே ஹெயர்டாலின் முதன்மைக் கொள்கை வீழ்ந்தது. ஆயினும், ஐரோப்பியர் 1722-இல் அத்தீவைக் காண்பதற்கு நெடுங்காலம் முன்பே பாலினேசியர்க்கும் அமெரிக்கத் தொல்குடியினர்க்கும் உறவு ஏற்பட்டிருந்தது என்பதை 2020, 2024-ஆம் ஆண்டுகளில் வெளியான மரபணு ஆய்வுகள் காட்டின. முற்றும் பிழை எனத் தள்ளப்பட்டவரிடத்தும் ஒரு கூறு மெய் இருந்தது. இளைஞர் துணிவைக் கண்டார். ஆசிரியர் பிழையைக் கண்டார். மூதாட்டி விடுபட்டவரைக் கண்டார். ஒவ்வொன்றும் ஒரு நோக்கில் மெய். தானே முழுமை எனும்போதுதான் பொய்யாகிறது. அநேகாந்தம் கற்ற நமக்கு இதில் வியப்பில்லை.

இதுவரை எவர்க்கும் தீங்கில்லை. இனித்தான் நம் பிழை தொடங்குகிறது.

ஜாரெட் டயமண்ட் 2005-இல் எழுதிய ‘கொலாப்ஸ்’ என்னும் நூல், இத்தீவினர் காடுகளை அழித்துத் தம் சமுதாயத்தைத் தாமே சிதைத்துக்கொண்டனர் என்றது. உலகெங்கும் பலர் அதனை ஏற்றனர். நாமும் ஏற்றோம். கோடை விடுமுறைச் சமய வகுப்பில், “பேராசையால் கடைசி மரத்தையும் வெட்டி மாண்டவரைப் பாருங்கள், மிகுபொருள் விரும்பாமையின் அருமை விளங்கும்” என்று சிறுவர்க்குப் பலமுறை போதித்தோம்.

உண்மை யாது? காடு அழிந்தது மெய். மரம் வெட்டப்பட்டதும் மெய். எலிகள் பனை விதைகளைக் கொறித்தமைக்கும் சான்றுண்டு. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் மக்கட்தொகை பேரளவில் சரிந்தது என்பதற்குத் தீவினரின் பழைய எச்சங்களில் சான்றில்லை என்று 2024-ஆம் ஆண்டு ஆய்வு உரைத்தது. பேரழிவு வந்தது 1862-இல். பெரு நாட்டிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கவர்ந்து சென்றனர். மீண்டு வந்த சிலருடன் பெரியம்மையும் வந்தது. 1877-இல் எஞ்சியோர் 111 பேர். டயமண்ட் நூலிலும் இக்கொடுமை குறிக்கப்பட்டே உள்ளது. நாமோ நமக்கு வேண்டிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கொள்ளையுண்டவர்மீதே முழுப்பழியும் சுமத்தினோம். ஓர் அணுவிரதத்தை விளக்கப் புகுந்து மற்றோர் அணுவிரதமாகிய வாய்மைக்கு ஊறு செய்தோம்.

இதனால் நாம் அறிவது என்ன? நூல் இனிக்கிறதா, கசக்கிறதா என்பது சுவை. அதில் ‘அவரவர் கருத்து’ என்பது பொருந்தும். ஆனால் நூலில் வரும் மக்களைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்பு சுவையன்று. அது மொழியால் செய்யும் வினை. தொலைதூரத் தீவினர் நம் சொல்லைக் கேளார், மறுத்துரைக்கவும் வாரார். அதனாலேயே நம் பொறுப்பு மிகுகிறது. அநேகாந்தம் என்பது ‘எல்லாம் சரியே’ என்னும் சோம்பலன்று. காணாத பக்கத்தையும் தேடிக் கண்டு, கண்டபின் தன் சொல்லைத் திருத்திக்கொள்ளும் உழைப்பே அது.

சென்ற கோடை வகுப்பில் சிறுவர்முன் நம் பிழையை எடுத்துரைத்தோம். ஒரு சிறுமி, “அப்படியானால் முன்பு கேட்டவர்களுக்கு யார் சொல்வது?” என்றாள். விடை கூற இயலவில்லை. அவர்களுள் பலர் இன்று பெற்றோராகி இவ்விதழைப் படிக்கின்றனர். அவர்கட்கு இக்கட்டுரையே நம் விடை.